பாய்லர் முள் 3 பாருக்கு ஏறி, காலையில் 0.7-க்கு இறங்கினால் பழுது எங்கே?

கேள்வி சுருக்கமாக இது: வீட்டைச் சூடாக்கும் பாய்லரில், குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் 1 பார் வரும்வரைக்கும் தண்ணீர் நிரப்பி வைக்கிறீர்கள். சூடு ஏற ஏற முள் 3-ஐத் தொடுகிறது, வெளியே போகும் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, மறுநாள் காலையில் பார்த்தால் 0.7-இல் நிற்கிறது. மறுபடி நிரப்பினால் மறுபடி அதே கதை. வந்த மெக்கானிக் ரிலீஃப் வால்வை (அழுத்தம் மிஞ்சினால் திறந்து அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே விடும் வால்வு) மாற்றிவிட்டுப் போன பிறகும் சொட்டு நிற்கவில்லை. கேஜ் கெட்டுவிட்டதா, பாய்லரையே மாற்ற வேண்டியிருக்குமா?

இரண்டுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த மூன்று எண்களும், சூட்டில் பெருக்கும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்கைத்தான் காட்டிக்கொடுக்கின்றன. ரிலீஃப் வால்வு பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, அதைப் போய் மாற்றியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பள்ளிக்கூடக் கணக்குதான்.

முதலில் கேஜ். பாய்லர் இருக்கும் மட்டத்தில் குழாய்க்குள் தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அதில் தெரிகிறது. சிலவற்றில் பார், சிலவற்றில் பிஎஸ்ஐ, பலவற்றில் இரண்டும் இருக்கும். 1 பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ. ஒரே வட்டத்தில் வெப்பநிலை, அழுத்தம், அதோடு அடிக்கணக்கில் உயரம் என்று மூன்று அளவும் போட்ட கேஜ்களும் உண்டு. அந்த உயரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதே அழுத்தம் எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் என்று வேறு விதமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். சில கேஜில் இன்னொரு சிவப்பு முள் அசையாமல் நிற்கும், அது பழுதில்லை. குளிர்ந்த நிலையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஞாபகத்துக்காகக் கையால் திருப்பி வைக்கும் முள் அது.

குளிர்ந்த நிலை அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டின் உயரம் தீர்மானிக்கிறது. எத்தனை ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகை), எத்தனை அறை என்பதற்கு இதில் இடமே இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தைத் தரும், அடிக்கணக்கில் சொன்னால் 2.31 அடிக்கு 1 பிஎஸ்ஐ. பாய்லர் தரைத்தளத்தில் இருந்து, மிக உயரத்தில் இருக்கும் ரேடியேட்டர் அதற்கு 6 மீட்டர் மேலே என்றால், தண்ணீர் அங்கே போய்ச் சேரவே 0.6 பார் செலவாகிவிடும். போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அந்த உச்சியிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரேடியேட்டரில் காற்று எடுக்கும் திருகைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே வருவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே போய்விடும். அதற்காக 0.3 முதல் 0.5 பார் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, உங்கள் 1 பார் சரியான அளவுதான். அமெரிக்காவில் இரண்டு மாடி வீட்டுக்கு 12 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்ட எண், அங்கே விற்கும் நிரப்பு வால்வும் டேங்கும் பெரும்பாலும் அந்த அளவுக்கு அமைத்தே வருகின்றன.

இனி டேங்க். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 2.7 சதவீதம் பெருக்கும். உங்கள் குழாய், ரேடியேட்டர், பாய்லர் எல்லாம் சேர்த்து 100 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.7 லிட்டர் கூடுதலாகிறது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாப் பக்கமும் மூடிய இரும்புக்கும் செம்புக்கும் உள்ளே அந்த 2.7 லிட்டர் எங்கே போகும்? தண்ணீரை நசுக்கவும் முடியாது. இடம் கொடுக்காவிட்டால் அழுத்தம் கண்மண் தெரியாமல் ஏறும்.

அந்த இடத்தைக் கொடுப்பதுதான் எக்ஸ்பான்ஷன் டேங்க். இரும்பு உருளை ஒன்று, நடுவில் ரப்பர் டயாஃப்ரம், ஒரு பக்கம் பாய்லர் தண்ணீர், மறுபக்கம் முன்கூட்டியே அடைத்து வைத்த காற்று. தண்ணீர் பெருக்கும்போது ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், காற்று மெத்தை மாதிரி அமுங்கும். ஆறியதும் காற்று விரிந்து தண்ணீரைத் திருப்பி அனுப்பும். டேங்க் 12 லிட்டரா 18 லிட்டரா என்பதைவிட, அந்தக் காற்று எவ்வளவு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் இதன் உயிரே இருக்கிறது.

8 லிட்டர் டேங்கை எடுத்துக்கொள்வோம். காற்றின் கணக்கில் வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்க்க வேண்டும், அதாவது கேஜ் 1 காட்டினால் உண்மையான அழுத்தம் 2. டேங்கில் 1 பாருக்குக் காற்று அடைத்து, தண்ணீரையும் 1 பாருக்கு நிரப்பினால் இரண்டு பக்கமும் சமம், டேங்குக்குள் தண்ணீர் ஏறாது, 8 லிட்டரும் காற்றுதான். இப்போது சூடாக்கினால் 2.7 லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது, காற்றுக்கு மிச்சம் 5.3 லிட்டர். 2-ஐ 8-ஆல் பெருக்கி 5.3-ஆல் வகுத்தால் சுமார் 3, கேஜ் கணக்கில் 2 பார். குளிரில் 1, சூட்டில் 2. நல்ல நிலையில் இருக்கும் வீட்டில் முள் இப்படித்தான் போய் வரும்.

அதே டேங்கில் காற்று முழுக்கக் கசிந்து போய், வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் 1 பாருக்குத் தண்ணீர் நிரப்பும்போதே 8 லிட்டர் காற்று 4 லிட்டராக அமுங்கிவிடுகிறது. பாய்லரைப் பற்றவைக்கும் முன்பே பாதி டேங்க் தண்ணீரால் நிரம்பிவிட்டது. இப்போது சூடாக்குங்கள். ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம் 3 பார், உண்மைக் கணக்கில் 4. அந்த அழுத்தத்தில் காற்று 2 லிட்டருக்குச் சுருங்கியிருக்கும், அதாவது டேங்க் கூடுதலாக 2 லிட்டரை மட்டும் வாங்கிக்கொண்டது. மிச்சம் 0.7 லிட்டர்? ரிலீஃப் வால்வு வழியாக வெளியே. ராத்திரி பாய்லர் ஆறியதும் தண்ணீர் பழையபடி சுருங்குகிறது, ஆனால் 0.7 லிட்டர் குறைவு, அதனால் காற்று 4 லிட்டருக்குப் பதிலாக 4.7 லிட்டருக்கு விரிகிறது. 8-ஐ 4.7-ஆல் வகுத்தால் 1.7, கேஜில் 0.7 பார். உங்கள் காலை அளவு!

எண்கள் இவ்வளவு அச்சாகப் பொருந்துவது உங்கள் வீட்டில் தற்செயலாகவும் இருக்கலாம், உங்கள் குழாய்களில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதே. ஆனால் முள்ளின் போக்கு இதுதான். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 0.7-இல் அப்படியே விட்டுவிட்டுச் சூடாக்கினால், அதே கணக்குப்படி முள் 3-ஐத் தொட்டு நிற்குமே தவிரப் பெரிதாக எதுவும் வெளியேறாது. நீங்கள் தினமும் நிரப்பி வைப்பதால்தான் தினமும் சொட்டுகிறது. (அதற்காக 0.7-இலேயே விட்டுவிடச் சொல்லவில்லை, மாடி ரேடியேட்டருக்கு அது போதாது.) தானாக நிரப்பும் வால்வு இருக்கும் வீடுகளில் இந்தக் கூத்து யாருக்கும் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும்: குளிரில் முள் எப்போதும் சரியான இடத்தில் நிற்கும், வால்வு சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும், வெளிக்குழாய் மட்டும் ஈரமாக இருக்கும்.

தினம் அரை லிட்டர் தண்ணீர் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தண்ணீர்ச் செலவு பெரிதில்லை. புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் கரைந்த ஆக்ஸிஜனையும் சுண்ணாம்பு உப்புகளையும் கொண்டுவருகிறது. மூடிய சுற்றில் பழைய தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜன் எப்போதோ இரும்போடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும், அதனால்தான் சாதாரண எஃகு ரேடியேட்டர்கள்கூடப் பல ஆண்டுகள் தாங்குகின்றன. நீங்கள் தினமும் புதிதாக ஊட்டினால் உள்ளே துரு, அடியில் கறுப்புச் சகதி, பாய்லரின் வெப்பப் பரிமாற்றியில் உப்புப் படிவு. துரு பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் மருந்தும் நீர்த்துப்போகும்.

சரி, டேங்கை எப்படிச் சோதிப்பது? டேங்கில் கார் டயரில் இருக்கும் அதே வகைக் காற்று வால்வு மூடிக்குள் இருக்கும். மூடியைக் கழற்றி நடு ஊசியை ஒரு நொடி அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, டேங்கை மாற்ற வேண்டும், அதற்கு மேல் சோதனை வேண்டாம். காற்று வந்தால் ரப்பர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம், காற்று குறைந்திருக்கலாம். எதுவுமே வராவிட்டால் காற்று சுத்தமாகத் தீர்ந்திருக்கும், அல்லது ஊசியே அடைத்துக்கொண்டிருக்கும். டேங்கைத் தட்டிச் சத்தத்தை வைத்துச் சொல்பவர்களும் உண்டு, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இங்கேதான் தொழில் தெரிந்தவர்கள்கூடச் சறுக்குகிறார்கள். டயர் கேஜை வைத்துப் பார்க்கிறார்கள், 1 பார் காட்டுகிறது, "டேங்க் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாய்லரில் அழுத்தம் இருக்கும்போது எப்படி அளந்தாலும் பாய்லரின் அழுத்தம்தான் காட்டும்! நடுவில் இருப்பது வளையும் ரப்பர், இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகத்தான் இருக்கும். மேலே சொன்ன காற்று போன டேங்கிலும் 1 பார்தான் காட்டும், ஆனால் அது 8 லிட்டருக்குப் பதில் 4 லிட்டர் காற்றின் 1 பார். தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தை 0-வுக்கு இறக்காமல் எடுக்கும் அளவுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

முறை இது. பாய்லரை நிறுத்தி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற விடுங்கள். தண்ணீர் நிரப்பும் வால்வை மூடுங்கள். அப்புறம் கீழே இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து பாய்லர் கேஜ் 0 ஆகும்வரை தண்ணீரை விடுங்கள், முழுச் சுற்றையும் காலி செய்யத் தேவையில்லை. டேங்குக்கு மட்டும் தனி வால்வும் வடிகாலும் இருந்தால் இன்னும் எளிது, அதை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். வடிகாலைத் திறந்தே வைத்துக்கொண்டு இப்போது காற்றை அளங்கள். குறைவாக இருந்தால் சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம், கம்ப்ரசர் என்றால் மெதுவாக. அடிக்க அடிக்க டேங்கில் தேங்கியிருந்த தண்ணீர் வடிகாலில் வெளியே வரும், அது நின்ற பிறகு இன்னொரு முறை அளந்து, குளிர்நிலை அழுத்தத்துக்கு, உங்களுக்கு 1 பாருக்கு, கொண்டுவாருங்கள். ஆவேசமாக 2, 2.5 என்று அடித்துவிடாதீர்கள். காற்று கூடினாலும் கெடுதல்தான், பாய்லர் அழுத்தம் அந்த அளவை எட்டும்வரை தண்ணீர் டேங்குக்குள் நுழையவே முடியாது. பிறகு வடிகாலை மூடி 1 பாருக்குத் தண்ணீர் நிரப்பி (0.2 அல்லது 0.3 கூட இருந்தால் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் கையிருப்பாக நிற்கும், அந்த வழக்கமும் உண்டு), மாடி ரேடியேட்டர்களில் காற்றை எடுத்து, மறுபடி அளவைச் சரிபார்த்துப் பற்றவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பாய்லரின் முன்மூடியைக் கழற்றாமல் இதைச் செய்ய முடிந்தால் நீங்களே செய்யலாம். சுவரில் மாட்டும் சிறிய பாய்லர்களில் டேங்க் உள்ளே, பெரும்பாலும் பின்பக்கம் ஒளிந்திருக்கும். கேஸ் பாய்லரின் மூடி புகை கசியாமல் காக்கும் பாகமாகவும் இருக்கும், பல நாடுகளில் உரிமம் பெற்றவர்தான் அதைத் தொடலாம். அந்த மாதிரி டேங்க் கிழிந்துவிட்டால் உள்ளே இருப்பதைப் பிடுங்க முழுப் பாய்லரையும் இறக்க வேண்டி வரலாம். அதற்குப் பதிலாக, ரேடியேட்டர்களிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் வெளியே ஒரு டேங்க் மாட்டிவிடச் சொல்லுங்கள், மலிவு, நன்றாகவும் வேலை செய்யும்.

உங்கள் நிலைமை இல்லாமல் வேறு மாதிரி முள் நடந்துகொள்பவர்களுக்கும் சில வார்த்தை. பாய்லர் ஓடாமல் குளிர்ந்தே இருக்கும்போதும் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போனால் டேங்கைச் சந்தேகப்பட வேண்டாம், எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது. நிரப்பு வால்வு சரியாக மூடவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். குளியலுக்கும் அதே பாய்லரில் வெந்நீர் எடுப்பவர்களுக்கு அந்த வெந்நீருக்கான வெப்பப் பரிமாற்றியில் ஊசித்துளை விழுந்தாலும் இப்படி ஆகும், ஏனென்றால் தெருக் குழாயின் அழுத்தம் பாய்லரைவிட அதிகம். நிரப்பும் வழியை முழுக்க மூடிவிட்டு, முடிந்தால் இணைப்புக் குழாயையே கழற்றிவிட்டு, ஒரு ராத்திரி பாருங்கள். அப்போதும் ஏறினால் பரிமாற்றிதான். மாறாக, சூட்டில் முள் அதிகம் ஏறாமல், வெளிக்குழாயும் காய்ந்திருந்து, அழுத்தம் மட்டும் நாளுக்கு நாள் குறைந்தால் எங்கோ கசிவு: ரேடியேட்டர் வால்வுகளின் அடி, தானாகக் காற்று விடும் மூடிகள், தரைக்குள் புதைத்த குழாய்.

கேஜே பொய் சொல்வதும் உண்டு. குளிரிலும் சூட்டிலும் முள் மயிரிழைகூட அசையாவிட்டால், அல்லது அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகும் 0-வுக்கு வராவிட்டால், கேஜுக்குப் போகும் சின்னத் துளையில் சகதி அடைத்திருக்கும் அல்லது உள்ளே இருக்கும் வளைகுழாய் களைத்துவிட்டிருக்கும். வடிகால் குழாயின் வாயில் திருகி மாட்டும் சோதனைக் கேஜ் ஒன்று வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுடையது ஏறி இறங்குகிறது, சொட்டு விழும் நேரமும் 3 பாரோடு ஒத்துப்போகிறது, அதனால் அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பழைய வீடுகளில் பாய்லர் அறையின் கூரையோடு ஒட்டி ரப்பரே இல்லாத பெரிய இரும்பு டேங்க் தொங்கும். அதில் காற்றும் தண்ணீரும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும், காற்று மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்து போய் டேங்க் முழுக்கத் தண்ணீராகிவிடும், அறிகுறி உங்களுடையதேதான். அதற்குப் பம்ப் வேண்டாம். பாய்லர் பக்க வால்வை மூடி, டேங்கை வடித்துக் காற்று புகவிட்டு, மறுபடி திறந்தால் போதும். அந்த மாதிரிச் சுற்றில் யாராவது நல்லெண்ணத்தில் தானியங்கிக் காற்று வால்வுகளைப் பொருத்தியிருந்தால் அவை டேங்குக்குச் சேர வேண்டிய காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், எத்தனை முறை வடித்தாலும் திரும்பத் திரும்ப நிரம்பும். பாய்லர் பக்கத்தில் நீர்மட்டம் தெரியும் நின்ற கண்ணாடிக் குழாய் இருந்தால் அது பெரும்பாலும் நீராவிப் பாய்லர், அதற்கு எக்ஸ்பான்ஷன் டேங்கே கிடையாது, நான் எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தாது.

புது டேங்க் வாங்க வேண்டி வந்தால் பழையதைவிடச் சிறியதாக வாங்காதீர்கள். பெரியதால் கெடுதல் இல்லை, முள் குறைவாக ஏறும், அவ்வளவுதான். உறையாமல் இருக்கக் கிளைகால் கலந்திருந்தால் அந்தக் கலவை வெறும் தண்ணீரைவிட அதிகம் பெருக்கும், அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேங்க் கைக்கு வந்ததும் மாட்டும் முன்பே காற்றை அளந்துவிடுங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், கடை அலமாரியில் கிடந்தே கொஞ்சம் குறைந்திருக்கும். சுற்றில் தண்ணீரை ஓடவைக்கும் பம்பில், தண்ணீர் நுழையும் பக்கத்தில்தான் டேங்க் இணைய வேண்டும். தள்ளும் பக்கத்தில் மாட்டினால் பம்ப் ஓடும்போது அதன் நுழைவாயிலிலும் சில சமயம் மாடிக் குழாய்களிலும் அழுத்தம் இறங்கி, காற்று உறிஞ்சும் தொல்லை வரும்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சொட்டுகிறதே என்று வெளிக்குழாயின் வாயை அடைப்பது. தெர்மோஸ்டாட் பழுதாகிப் பாய்லர் நிற்காமல் எரிந்தால் காப்பாற்றக் கடைசியாக மிஞ்சியிருப்பது அந்த வால்வுதான். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், இரும்பு பிளந்த நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும்.

டேங்கைச் சரிசெய்து, சூட்டில் முள் 2 பக்கம் நின்ற பிறகும் லேசாகச் சொட்டினால், இத்தனை நாள் திறந்து மூடியதில் வால்வின் இருக்கையில் துரும்போ சகதியோ சிக்கியிருக்கும், அது புது வால்வாக இருந்தாலும்கூட. அப்போது மாற்றுங்கள், அதே 3 பார் அளவில். அதற்கு முன்னால் அழுத்தத்தை 0-வுக்கு இறக்கிய பிறகு டேங்கின் காற்று எவ்வளவு காட்டுகிறது என்று அளந்து எழுதுங்கள், ஊசியை அழுத்தியபோது என்ன வந்தது என்பதையும் சேர்த்து.